இருட்டு ஹாலில் செத்த ஏழு செடிகள்: ஒரு அடுக்குமாடி வீட்டின் பூ, செடிக் கணக்கு

தை மாதம் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். புது வீட்டை அழகாக்க 11 செடிகள் வாங்கினாள். சித்திரை பிறக்கும்போது அதில் 7 செத்திருந்தன. நான் நர்சரி வேலையில் பதினைந்து வருடம் கழித்தவன் என்பதால் போன் வந்தது. "உன் அக்கா வீட்டிலேயே செடி வாழலைன்னா உனக்குத்தான்டா அசிங்கம், வந்து பாரு" என்றாள். போனேன். அன்று முதல் ஐப்பசி வரை அந்த வீட்டில் பார்த்தது, மாற்றியது, நான் தப்பு செய்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இது அந்த நோட்டு.

வீடும் ஆட்களும்

சென்னையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. 850 சதுர அடி. வாசல் கிழக்குப் பக்கம்தான், ஆனால் காரிடாரில் திறக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கிடையாது. வாசலில் தொடங்கும் ஹால் மேற்கே 22 அடி நீண்டு பால்கனியில் முடிகிறது. பால்கனிக் கதவுக்குக் கருப்புச் சாயக் கண்ணாடி, அதன் மேல் கனமான திரை. தென்கிழக்கில் சமையலறை, அதற்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல். ஒரு படுக்கையறைக்கு வடக்கு ஜன்னல்.

வீட்டில் அக்கா, ஓய்வு பெற்ற மாமா, வேலைக்குப் போகும் இளைய மகள். மூத்த மகள் 2 வயதுப் பையனோடு மாதத்தில் பாதி நாள் இங்கேதான். காலையில் வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருவார்.

செடிகளின் கணக்கு இது: அரேகா பாம் இரண்டு, அகல இலை ஃபைகஸ் ஒன்று, பீஸ் லில்லி ஒன்று, ஸ்நேக் பிளான்ட் இரண்டு, குரோட்டன் ஒன்று, துளசி ஒன்று, அடீனியம் ஒன்று, ஜீஜீ (ZZ பிளான்ட்) ஒன்று, பாட்டிலில் வைத்த மணி பிளான்ட் ஒன்று. செடிகளுக்கு 5,200 ரூபாய். ஃபைகஸ் மட்டும் 1,800. பீங்கான் தொட்டிகளுக்குத் தனியாக 3,600. இது போக, வாராவாரம் 700 ரூபாய்க்கு ஒரு பூங்கொத்து வாங்கிப் பால்கனிக் கதவுப் பக்கத்து டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாளே அது தலை தொங்கிவிடும் என்பது தனிப் புலம்பல்.

செடிகள் ஏறக்குறைய எல்லாமே ஹாலின் நடுவில், டிவிக்கு இரண்டு பக்கமும், ஒரு மர ஸ்டாண்டில். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் அல்லவா. குற்றம் சொல்ல முடியாது, நான் வேலை பார்த்த கடையிலும் "சோபா பக்கத்துல வைக்க ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். எந்தப் பக்கம் ஜன்னல் என்று நாங்களும் திருப்பிக் கேட்டதில்லை.

பிரேதப் பரிசோதனை

பால்கனியில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தேன். பீஸ் லில்லியின் வேர் கறுத்துக் கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. தொட்டியைத் திருப்பினால் அடியில் ஓட்டையே இல்லை. செத்த ஸ்நேக் பிளான்டும் அடித்தண்டில் அழுகி, கையோடு வந்துவிட்டது. வறண்ட காட்டில் வளருகிற நம்ம ஊர் மருளின் சொந்தக்காரச் செடி அது. மாதக்கணக்கில் மறந்தாலும் தாங்கும், தினம் தண்ணீர் கொடுத்தால் தாங்காது.

அரேகா பாம் இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தது. சிலந்திப்பேன். நேர் எதிரே ஏசி. காய்ந்த காற்று அந்தப் பேனுக்குக் கொண்டாட்டம். குரோட்டன் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சி. பூஜை அலமாரியில் அகல் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்த துளசி, வெயில் இல்லாமல் நெட்டையாக ஓடி மடிந்திருக்கிறது. ஃபைகஸ் கதைதான் பரிதாபம். முதல் வாரம் நாலு இலை கொட்டியதும், இடம் பிடிக்கவில்லை என்று நினைத்து நகர்த்தினார்கள். புது இடத்தில் மறுபடி கொட்டியது, மறுபடி நகர்த்தினார்கள். நாலு இடம் பார்த்த பிறகு மொட்டை.

தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள் என்று காபி குடிக்கும்போது கேட்டேன்.

"வாக்கிங் முடிச்சு வந்ததும் நான்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டம்ளர்" என்றார் மாமா.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? பூஜை முடிஞ்சு சொம்புல மிச்சம் இருக்கிறத நானில்ல ஊத்திக்கிட்டிருக்கேன்?"

துடைப்பத்தோடு நின்ற அம்மா தயங்கித் தயங்கி, "பாவம், யாரும் கவனிக்கலையேன்னு நானும் கொஞ்சம்…" என்றார்.

ஆக, ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஓட்டை இல்லாத தொட்டியில்.

வெளிச்சத்தை அளந்த கதை

போனில் லக்ஸ், அதாவது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு, அதை அளக்கிற செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். கருவி அளவுக்குத் துல்லியம் இருக்காது, ஆனால் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும். பிற்பகல் 3 மணி, திரை பாதி திறந்த நிலை. பால்கனிக் கம்பி ஓரம் நேர் வெயிலில் 50,000-ஐத் தாண்டியது. கண்ணாடிக்கு உள்ளே ஓரடியில் 900. ஐந்தடி தள்ளி 250. ஹாலின் நடுவில், அந்த மர ஸ்டாண்டில், 70. வாசல் பக்கம் 30. வடக்கு ஜன்னலில் 1,200. மறுநாள் காலை சமையலறை ஜன்னலில் 6,000-க்கு மேல்.

மாமாவிடம் காட்டினேன், நம்பவில்லை. "நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு, பேப்பர் படிக்கிறேனே" என்றார். அவர் சொன்னதும் உண்மை. இருட்டுக்கு ஏற்ப நம் கண்மணி விரிந்துகொள்கிறது. 900-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்குக் கண்மணி கிடையாது. கிடைக்கிற வெளிச்சத்தில்தான் அது சமைத்துச் சாப்பிட வேண்டும். நான் பார்த்தவரையில், 200 லக்ஸுக்குக் கீழே போனால் எந்தச் செடியும் வளர்வதில்லை; இருக்கிற சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு, பார்க்கப் பச்சையாகவே, உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். ஜீஜீ கிழங்கில் தண்ணீரும் சத்தும் சேர்த்து வைக்கிற ஜாதி, அதனால்தான் பிழைத்தது.

வெளிச்சமும் தண்ணீரும் இங்கே தனித்தனிப் பிரச்சினை இல்லை. வெளிச்சம் குறைந்தால் இலை வழியாகத் தண்ணீர் வெளியேறுவதும் குறையும். மண் காயாது. ஈர மண்ணில் வேருக்குக் காற்றுப் போகாது, அழுகும். அழுகின வேர் தண்ணீர் இழுக்காது, இலை வாடும். வாடின இலையைப் பார்த்து மூன்று பேரும் இன்னும் ஊற்றுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். அரேகா, பீஸ் லில்லி, ஸ்நேக் பிளான்ட் மூன்றையும் அக்கா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், "காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது" என்ற சீட்டு. நாசா ஆய்வு உண்மைதான், 1989-ல் வந்தது. ஆனால் அது நடந்தது மூடி அடைத்த சின்னப் பெட்டிக்குள். காற்று போய் வருகிற வீட்டில் இல்லை. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், அதுவரை வந்த இத்தகைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று வந்தது. அக்கா வீடு 79 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 790 செடி. "அப்போ நாங்க எங்க படுக்கிறது?" என்றாள். ஜன்னலைத் திறந்து வை, அது போதும் என்றேன்.

முடிவு: ஹாலிலிருந்து செடிகளை வெளியேற்றுவது

இங்கேதான் அக்காவோடு சண்டை. "ஹால் வெறிச்சுன்னு இருந்தா எதுக்கு வீட்டை அலங்காரம் பண்றது?" நியாயமான கேள்வி. செடிக்கான விளக்கு மாட்டலாம். அந்த ஊதா வெளிச்சம் வேண்டவே வேண்டாம் என்று இளைய மகள் மறுத்தாள். வெள்ளை விளக்கும் உண்டு என்று சொன்னேன், கரண்ட் பில்லை மாமா நினைவூட்டினார். சரி.

அப்புறம் யோசித்தால் விடை வாராவாரம் வாங்குகிற பூங்கொத்திலேயே இருந்தது. பறித்த பூவுக்கு வெளிச்சம் தேவையில்லை. சொல்லப்போனால் இருட்டும் குளிர்ச்சியும்தான் அதற்கு நல்லது. இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் கேட்கிற செடி இருட்டு ஸ்டாண்டில், இருட்டில் நன்றாக இருக்கிற பூங்கொத்து மேற்கு வெயில் விழுகிற டைனிங் டேபிளில். இடத்தை மாற்றிக்கொண்டால் ஆயிற்று. ஹால் பூவுக்கு, ஜன்னல் செடிக்கு.

உயிரோடு இருந்த நான்கு செடிகளில் அடீனியம் பால்கனிக்குப் போனது. ஹாலில் மூன்று மாதம் ஒரு மொட்டுகூட வைக்காதது, ஆனியில் பூத்தது. அதனோடு காகிதப்பூ, இட்லிப்பூ, ஒரு குண்டுமல்லிச் செடி, மூன்றும் மேற்கு வெயிலுக்கு அஞ்சாதவை. புதுத் துளசி சமையலறை ஜன்னலுக்கு. மணி பிளான்டை அக்கினி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று பெரியத்தை வாஸ்து சொல்லியிருந்தார். இந்த வீட்டில் அக்கினி மூலையும் காலை வெயிலும் ஒரே ஜன்னலில் அமைந்துவிட்டதால் எனக்கு வாதாட வேலையில்லை. ஸ்நேக் பிளான்டும் ஜீஜீயும் பால்கனிக் கண்ணாடியை ஒட்டி உட்பக்கம், உயரமான ஸ்டாண்டில். வடக்கு ஜன்னலுக்குப் புதிதாக இரண்டு ஸ்பைடர் பிளான்ட் கொண்டு போய்க் கொடுத்தேன்.

உயரத்தில் வைத்ததற்குக் காரணம் பேரன். மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ எல்லாவற்றின் இலையிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கும். குழந்தை கடித்தால் வாய், நாக்கு எரிந்து வீங்கும். செடிக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஸ்பைடர் பிளான்டில் அந்தப் பயம் இல்லை, அவன் இரண்டு தடவை பிடுங்கிப் போட்டும் மறுபடி நட்டோம்.

பீங்கான் தொட்டிகளைத் தூக்கி எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை. ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கினோம். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு உள்ளே. மண் கலவை செம்மண் ஒரு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஸ்நேக், ஜீஜீ, அடீனியத்துக்கு மட்டும் ஆற்று மணல் கூடுதல். தண்ணீர் மாமா பொறுப்பு, வேறு யாரும் தொடக்கூடாது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். இந்த ஒரு விதியைப் பழக்கப்படுத்தத்தான் ஒரு மாதம் ஆனது.

ஹாலுக்குப் பூ

முதலில் அந்த 700 ரூபாய்க் கொத்து ஏன் மூன்று நாளில் வாடியது? வெயில் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே வாழைப்பழத் தட்டு. பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும். கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது, இதழ் உள்ளே சுருண்டுவிடும். தண்ணீரை ஒரு வாரமும் மாற்றவில்லை. தண்ணீருக்குள் மூழ்கிய இலை அழுகிப் பாக்டீரியா பெருகி, காம்பின் குழாயை அடைத்திருக்கிறது. ஜெர்பராவுக்குக் கழுத்து வரை தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதன் ரோமக் காம்பு சீக்கிரம் அழுகும், மூன்று அங்குலத் தண்ணீர் போதும்.

இதையெல்லாம் சரிசெய்து அதே கொத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் 70 லக்ஸ் ஹாலில் சிவப்பும் ஊதாவும் எடுபடவில்லை. நாலடி தள்ளி நின்றால் கறுப்பாகத் தெரிந்தது. மங்கல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற நிறம் வெள்ளையும் வெளிர்மஞ்சளும்தான். அந்தியில் மலர்கிற மல்லி, முல்லை, சம்பங்கி எல்லாம் வெள்ளையாக, வாசனையாக இருப்பது சும்மா இல்லை. இருட்டில் வரும் அந்துப்பூச்சியை அழைக்கிற ஏற்பாடு அது. இருட்டு ஹாலுக்கு அதே ஏற்பாட்டை நாம் கடன் வாங்கிக்கொண்டோம்.

சம்பங்கியைக் காம்போடு வாங்கினால் கீழ் மொட்டிலிருந்து மேல் மொட்டு வரை வரிசையாக விரிந்துகொண்டே போகும். அடிக்காம்பைச் சாய்வாக நறுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினால் ஆறேழு நாள் நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்றால் நம்ம ஆள் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சொந்தமாகிவிட்டது. ஐந்து காம்பு, உயரமான பித்தளைச் சொம்பு, அந்த மர ஸ்டாண்டு. சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசனைதான் முதலில் வரவேற்கும்.

வாசல் பக்கம் உருளி. கட்டடக் காம்பவுண்டிலேயே நந்தியாவட்டை மரம் இருக்கிறது. காலையில் உதிர்ந்து கிடப்பதில் நல்லதாக ஒரு கை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சாயங்காலம் வரை போதும். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு தாமரை மொட்டு வாங்கி, வெளி இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வைப்பாள் அக்கா. முதலில் அரளியும் போட்டிருந்தாள். அரளி முழுக்க விஷம், உருளியோ தரையில், பேரனோ தண்ணீரைக் கண்டால் விடமாட்டான். அரளியைச் சாமி படத்துக்கு ஏற்றி, உருளியையும் முக்காலிக்கு ஏற்றினோம்.

மாதப் பூச்செலவு 2,800-லிருந்து 950 ஆனது.

தட்டுத் தண்ணீர் விவகாரம்

பால்கனிச் செடிகள் வந்த பத்தாம் நாள் கீழ்வீட்டம்மா ஏறி வந்தார். காயப்போட்ட வெள்ளைப் புடவையில் செம்மண் சொட்டியிருந்தது. நியாயம் அவர் பக்கம். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்தோம். அடுத்த மாதம் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்து, டார்ச் அடித்து, தட்டுக்குள் நெளிவதைக் காட்டினார். அதோடு நிற்காமல் சமையலறைக்குப் போய் மணி பிளான்ட் பாட்டிலையும் காட்டினார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படிச் சுத்தமாகத் தேங்கிய தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

தட்டை எடுத்தால் கீழ்வீட்டுப் புடவை, வைத்தால் கொசு. தட்டில் விளிம்பு வரை மணல் நிரப்பினோம். வடிகிற தண்ணீர் மணலுக்குள் இறங்கிக்கொள்ளும், மேலே தேங்காது. மணி பிளான்டைத் தொட்டி மண்ணுக்கு மாற்றினோம். உருளியும் சம்பங்கிச் சொம்பும் ஞாயிற்றுக்கிழமை நாரால் தேய்க்கப்படும். அதற்குப் பிறகு அந்த அம்மா மூன்று முறை வந்தார், எதுவும் இல்லை.

ஆவணி நிச்சயதார்த்தம்

இளைய மகளுக்கு வீட்டிலேயே நிச்சயம். அலங்காரத்துக்கு ஒருவர் 18,000 கேட்டார், அதில் பாதி துணியும் பிளாஸ்டிக் பூவும். நாங்களே செய்தோம்; ஆன செலவு 4,300. நல்ல முகூர்த்த நாள், பூ விலை எகிறும் என்று தெரியும். அதனால் செவ்வந்தியை இரண்டு நாள் முன்பே கோயம்பேட்டில் அதிகாலை நாலரைக்கு உதிரியாக வாங்கினேன், அது தாங்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகும், மூங்கில் கூடையில் ஈரச் சாக்குப் போட்டுக் குளியலறைத் தரையில் வைத்தோம். மல்லியை மட்டும் அன்றைக்கே, மதியம், மொட்டாக. ஆறு மணி நிகழ்ச்சிக்கு மொட்டு, ஏழரைக்கு மோதிரம் மாற்றும்போது வீடு முழுக்க மலர்ந்துவிட்டது. வாசலில் மாவிலையும் குருத்தோலையும் மாமாவே கட்டினார். பிளாஸ்டிக் பூ வைத்திருந்தால் அந்த ஏழரை மணி வந்தே இருக்காது.

ஐப்பசியில் நின்ற இடம்

சித்திரைக்குப் பிறகு இருந்த பத்துச் செடிகளில் ஒன்பது உயிரோடு. மல்லிச் செடி வெயில் மாதங்களில் நாளுக்கு இருபது முப்பது மொட்டு கொடுத்தது, பூத்து முடிந்ததும் கவாத்து செய்தோம், மறுபடி தளிர் வந்தது. ஸ்பைடர் பிளான்ட் குட்டி போட்டுக் கீழ்வீட்டம்மாவுக்கும் இரண்டு போனது. புடவைக் கணக்கு நேரானது.

செத்த ஒன்று அடீனியம், அது என் தப்பு. பாலைவனச் செடி, வெயிலுக்குச் சரியான இடம் என்று பால்கனிக் கம்பி ஓரம் வைத்தேன், வடகிழக்குப் பருவமழை வரும் முன் உள்ளே நகர்த்தச் சொல்ல மறந்தேன். ஐந்து நாள் விடாத மழை. தடித்த அடித்தண்டை அமுக்கிப் பார்த்தால் விரல் உள்ளே போனது.

போன வாரம் தீபாவளிப் பலகாரம் வாங்கப் போனபோது ஹாலின் நடுவில், அதே 70 லக்ஸ் இடத்தில், ஆளுயரத்துக்கு ஒரு ஃபைகஸ் நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு சொல்லியும்…" என்று ஆரம்பித்தேன்.

"தொட்டுப் பாருடா, பிளாஸ்டிக்" என்றாள் அக்கா.

ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த இடத்துக்கு அது பொருத்தம்தான், தூசி மட்டும் தட்டினால் போதும். கீழே குனிந்து பார்த்தேன், தொட்டி விளிம்பு வரை தண்ணீர். வேலைக்கு வரும் அம்மா இரண்டு நாளாக ஊற்றியிருக்கிறார்.